அலிபி: ‘எங்கே?’ என்ற வினாவுக்கு லத்தீன் தரும் ஒரு விடை

வாசகர் கேள்வி: நான் வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஆங்கிலத்தில் உள்ள குற்றவியல் தீர்ப்புகளைத் தமிழாக்கும் பணியில் உதவி வருகிறேன். அவற்றில் அடிக்கடி வரும் ‘அலிபி’ என்ற சொல் என்னைத் தடுமாற வைக்கிறது. என் சீனியர் அதை ‘எதிரி தரப்புச் சாட்சி’ என்று எழுதச் சொல்கிறார். உடன் பணிபுரியும் நண்பர் ‘சாக்கு’ என்றால் போதும் என்கிறார். அகராதியோ அது லத்தீன் வினையடை என்கிறது. ஒரு வினையடையை எப்படி ஒருவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியும்? ‘அலியாஸ்’ என்பதில் உள்ள ‘அலி’யும் இதில் உள்ள ‘அலி’யும் ஒன்றுதானா? ‘பி’ என்பது பைசிக்கிளில் வருவதைப் போல ‘இரண்டு’ என்ற பொருள் தருவதா? அப்படியானால் ‘இரண்டாவது இடம்’ என்று மொழிபெயர்க்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அகராதி சொல்வதுதான் சரி. ‘அலிபி’ லத்தீனில் இடத்தைக் குறிக்கும் வினையடை. ‘வேறிடத்தில்’ என்பதே அதன் முழுப் பொருள். குற்றம் நடந்தபோது தாம் வேறிடத்தில் இருந்ததாக எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சொல்லும் வாதத்துக்கே நீதிமன்றத்தில் அது பெயராக வழங்குகிறது. சாட்சி, சாக்கு, தப்பிக்கும் வழி ஆகிய எதுவும் அந்தச் சொல்லின் உள்ளே இல்லை; அவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட எண்ணங்கள். நெடுங்காலமாக லத்தீன் இலக்கணம் கற்பித்து வரும் எனக்கு உங்கள் கடிதம் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஒரு சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் அறிவுப் பசிக்காக மட்டுமே செய்யப்படுகிறது. நீங்களோ ஒருவருடைய விடுதலையும் தண்டனையும் தொங்கிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைத் தமிழில் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்கிறீர்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் ‘அங்கு, இங்கு, எங்கு’ என்ற மூன்று சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ங்கு’ என்ற பகுதி மூன்றிலும் மாறாமல் நின்று இடத்தை உணர்த்துகிறது. முன்னால் நிற்கும் அ, இ என்ற சுட்டும் எ என்ற வினாவும் மட்டுமே மாறி, எந்த இடம் என்பதைச் சொல்கின்றன. லத்தீனிலும் ஏறக்குறைய இப்படியே ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே மாறாமல் நிற்கும் பகுதி ‘பி’. ‘இபி’ என்றால் அங்கு, ‘உபி’ என்றால் எங்கு, ‘அலிபி’ என்றால் வேறிடத்தில். ‘உபி யூஸ், இபி ரெமெதியும்’ என்ற முதுமொழியைச் சட்டக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ‘உரிமை எங்கு உண்டோ அங்கு பரிகாரமும் உண்டு’ என்பது அதன் பொருள். அந்த ஒரு வரியிலேயே அலிபியின் இரண்டு உடன்பிறப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. (இந்தச் சொற்களில் வரும் ‘பி’யைப் ‘பீகார்’ என்பதில் வரும் முதல் ஒலியைப் போலவும், இனி வரப்போகும் ‘கு’வை வல்லொலியாகவும் படியுங்கள்.)

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் இகரச் சுட்டு அருகில் உள்ளதைக் காட்டும். லத்தீனில் ‘இபி’யின் முன்னால் நிற்கும் இகரமோ, ‘அவன், அது’ என்று முன்பு சொல்லப்பட்ட ஒன்றைத் திரும்பச் சுட்டும் பெயரின் அடி. எனவே ‘இபி’யைப் பார்த்தவுடன் ‘இங்கு’ என்று தமிழ்க் காதால் கேட்டுவிடக் கூடாது. ‘இங்கு’ என்பதற்கு லத்தீனில் ‘ஹீக்’ என்ற வேறு சொல் உண்டு. இரு மொழிகளுக்கும் இடையே நான் காட்டுவது அமைப்பின் ஒற்றுமையை மட்டுமே. உறவு எதுவும் கிடையாது.

இனி ‘பைசிக்கிள்’ கேள்வி. அந்தச் சொல்லின் முன்னால் வரும் ‘பை’ லத்தீனின் ‘பிஸ்’, அதாவது ‘இருமுறை’ என்ற சொல்லோடு தொடர்புடையது. அதன் பழைய வடிவம் ‘துயிஸ்’. ‘இரண்டு’ எனப் பொருள்படும் ‘துவோ’வின் இனம் அது. அந்த உறுப்பு எப்போதும் சொல்லின் தலையில் நிற்கும். அலிபியின் ‘பி’யோ சொல்லின் வாலில் நிற்கும் விகுதி. எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு. ‘இரண்டாவது இடம்’ என்ற மொழிபெயர்ப்பு ஆகாது.

‘அலி’ என்பது ‘வேறு, மற்ற’ எனப் பொருள்படும் ‘அலியுஸ்’ என்ற சொல்லின் அடி. நீங்கள் கேட்டபடியே ‘அலியாஸ்’ என்பதில் இருப்பதும் இதே ‘அலி’தான். இந்த ஓர் அடியிலிருந்து லத்தீன் ஒரு குடும்பத்தையே உண்டாக்கியிருக்கிறது. வேறிடத்தில் இருப்பதற்கு ‘அலிபி’. வேறிடத்துக்குப் போவதற்கு ‘அலியோ’. வேறிடத்திலிருந்து வருவதற்கு ‘அலியுந்தே’. வேறு விதமாகச் செய்வதற்கு ‘அலிதெர்’. வேறு வேளையில் நடப்பதற்கு ‘அலியாஸ்’. தமிழில் நாம் ‘இடம்’ என்ற பெயரோடு வேற்றுமை உருபுகளைச் சேர்த்துச் சொல்வதை லத்தீன் தனித்தனி விகுதிகளால் சொல்லிவிடுகிறது. இவற்றுள் ‘அலிதெர்’ என்பதன் ஈற்றில் வரும் ‘தெர்’ நம்முடைய ‘ஆக’ போன்றது. வலிமையாக, சுருக்கமாக என்று பண்புச் சொல்லை வினையடையாக்கும் அதே வேலையைத்தான் அது லத்தீனில் செய்கிறது.

‘அலியாஸ்’ பற்றி இரண்டு வார்த்தை. இலக்கணப்படி அது பெண்பால் பன்மையின் இரண்டாம் வேற்றுமை வடிவம்; ‘வேறு முறைகளில், வேறு வேளைகளில்’ என்ற கருத்தில் வினையடையாக நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் ‘வேறு விதமாக’ என்ற பொருளும் அதற்கு ஏற்பட்டது. பழைய ஆங்கில வழக்குப் பத்திரங்களில் ‘அலியாஸ் திக்துஸ்’, அதாவது ‘வேறு விதமாக அழைக்கப்படுபவன்’ என்ற முழுத் தொடர் இருந்தது. பின்னால் ‘திக்துஸ்’ உதிர்ந்து ‘அலியாஸ்’ மட்டும் மிஞ்சியது. நம் ஊர் முதல் தகவல் அறிக்கையில் எதிரியின் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே ‘@’ என்ற சுழியைப் போட்டு, படிக்கும்போது ‘என்கிற’ என்று படிக்கிறார்களே, அந்தச் சுழிக்குள் இந்த லத்தீன் வினையடைதான் ஒடுங்கிக் கிடக்கிறது.

‘அலிபி’ எப்படி உருவானது என்பதில் இரு விளக்கங்கள் உண்டு. பழைய அகராதிகள் ‘அலியுஸ்’, ‘இபி’ என்ற இரண்டு முழுச் சொற்கள் சேர்ந்து சுருங்கியதாகக் கூறும். ‘இபி’, ‘உபி’ ஆகியவற்றிலிருந்து ‘பி’ மட்டும் இடவிகுதியாக உணரப்பட்டு ‘அலி’ என்ற அடியோடு நேராகச் சேர்ந்தது என்பது மற்றொரு விளக்கம். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. காரணம், ‘இருவற்றுள் எது’ எனப் பொருள்படும் ‘உத்தெர்’ என்ற சொல்லிலிருந்து ‘உத்ருபி’, அதாவது ‘இரண்டில் எந்த இடத்தில்’ என்ற சொல்லும் பிறந்திருக்கிறது. அதற்குள் ‘அங்கு’ என்ற பொருளுக்கு இடமே இல்லை, ‘பி’ மட்டும்தான் தன் வேலையைச் செய்கிறது. மேலும் ‘அலிபி’யில் ‘இபி’ முழுதாக இருந்தால் ‘வேறு அங்கு’ என்றல்லவா சொல் நிற்க வேண்டும்? நம் மொழியிலும் ‘வேறங்கு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வேறிடத்தில்’ என்றுதான் சொல்கிறோம்.

கூர்மையாகப் பார்க்கும் மாணவர்கள் இந்தக் கட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. தமிழில் எது, எவன், எங்கு, எப்போது என வினாச் சொற்களெல்லாம் எகரத்தில் தொடங்குவதைப் போல, லத்தீனில் குவிஸ், குவித், குவோ, குவாந்தோ என அவை ககர ஒலியில் தொடங்குகின்றன. அப்படியிருக்க ‘எங்கு’ என்ற சொல் மட்டும் ஏன் ‘உபி’ என்று உகரத்தில் தொடங்குகிறது? விடை, கூட்டுச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ‘எங்காவது இருந்தால்’ என்பதற்கு லத்தீனில் ‘சிகுபி’. ‘எங்கும் இல்லாதபடிக்கு’ என்பதற்கு ‘நேகுபி’. ‘எங்கோ ஓரிடத்தில்’ என்பதற்கு ‘அலிகுபி’. மூன்றிலும் ‘குபி’ என்ற வடிவம் தெளிவாகத் தெரிகிறது. தனியே நின்றபோது முதல் மெய்யை இழந்த சொல், கூட்டுக்குள் பாதுகாப்பாக இருந்தபோது அதைக் காப்பாற்றிக்கொண்டது.

இந்த ‘அலிகுபி’யை ‘அலிபி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நடுவில் உள்ள ‘கு’ ஒன்றுதான் வேறுபாடு என்றாலும் பொருள் முற்றிலும் மாறுகிறது. ‘அலிகுபி’ என்பது ‘எங்கோ’. அதற்கு ஓரிடம் போதும், அது எந்த இடம் என்று தெரியவும் வேண்டாம். ‘அலிபி’ என்பது ‘வேறிடத்தில்’. அதற்கு இரண்டு இடங்கள் வேண்டும். ‘வேறு’ என்று சொல்வதற்கு முன்னால், எதிலிருந்து வேறு என்று காட்ட ஓர் இடம் இருந்தாக வேண்டும். உங்கள் தொழிலில் அந்த முதல் இடம் சம்பவ இடம். இந்த நுட்பம் சட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

‘பி’ என்ற விகுதி எங்கிருந்து வந்தது என்பதிலும் அறிஞர்கள் இரு அணியாக இருக்கிறார்கள். ஒரு சாரார் அதை ‘திபி’ (உனக்கு), ‘சிபி’ (தனக்கு) ஆகிய லத்தீன் சொற்களில் உள்ள ‘பி’யோடு சேர்க்கிறார்கள். அந்தத் ‘திபி’யின் சமஸ்கிருத உறவு ‘துப்யம்’. ‘நமஸ்துப்யம்’ என்று வழிபாட்டில் சொல்லும்போது ‘உனக்கு வணக்கம்’ என்பதில் வரும் ‘உனக்கு’ அதுவே. மற்றொரு சாரார் ‘இபி’யைச் சமஸ்கிருதத்தின் ‘இஹ’ என்ற சொல்லோடு சேர்க்கிறார்கள். ‘இங்கே’ எனப் பொருள்படும் அந்தச் சொல் பாலியில் ‘இத’ என்ற பழைய ஒலியோடு, மூச்சு கலந்த தகரத்தோடு இருக்கிறது. அந்தத் தகரம் லத்தீனில் உகரத்தின் பக்கத்தில் பகரமாக மாறுவது இயல்பு. பசுவின் மடியைக் குறிக்கும் சமஸ்கிருத ‘ஊதர்’ லத்தீனில் ‘ஊபெர்’ என்று நிற்பது அதற்குச் சான்று. அப்படி ‘உபி’யில் முறைப்படி தோன்றிய பகரம், அதைப் பார்த்து ‘இபி’க்கும் பரவியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. இது சரியென்றால், நாம் ‘இகம், இகபரம், இகலோகம்’ என்று சொல்லும்போது வடமொழி வழியாக நம்மிடம் வந்திருக்கும் ‘இக’ என்ற சொல்லும், உங்கள் ‘உபி யூஸ், இபி ரெமெதியும்’ என்பதில் உள்ள ‘இபி’யும் ஒரே தாயின் பிள்ளைகள் ஆகின்றன.

இந்தச் சொற்களின் ஈற்று இகரம் பழங்காலத்தில் குறிலாக இருக்கவில்லை. கி.மு. 186இல் ரோமானிய செனட் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை பிறப்பித்தது; அந்த ஆணையைப் பொறித்த வெண்கலப் பட்டயம் 1640இல் தென் இத்தாலியின் திரியோலோ என்ற ஊரில் கிடைத்து, இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இறுதிப் பகுதியில், ‘எங்கு மிக எளிதாக அறிந்துகொள்ள முடியுமோ’ அங்கே இந்தப் பட்டயத்தைப் பதித்து வைக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. அந்த ‘எங்கு’ அங்கே ‘உபெய்’ என்று, ஈற்றில் ஈருயிரோடு எழுதப்பட்டிருக்கிறது. ‘உபெய்’ நாளடைவில் ‘உபீ’ ஆகி, பிறகு ‘உபி’ ஆனது. குறிலை அடுத்து வரும் ஈற்று நெடில் குறுகுவது லத்தீன் பேச்சில் பரவலாக நடந்த மாற்றம். பழைய நெடில் முழுவதும் அழிந்துவிடவில்லை. அடிக்குறிப்புகளில் சுருக்கமாக வரும் ‘இபித்’ என்பதன் முழு வடிவம் ‘இபீதெம்’, அதாவது ‘அதே இடத்தில்’. அங்கே ‘தெம்’ பின்னால் நின்று காத்ததால் ஈகாரம் நெடிலாகவே இருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ‘குறியதன் கீழ் ஆக்குறுகலும் அதனோடு உகரம் ஏற்றலும் இயல்பும் ஆம் தூக்கின்’ என்கிறது நன்னூல். நிலா என்பது செய்யுளில் நில என்று குறுகலாம், நிலவு என்று உகரம் ஏற்கலாம், நிலா என்று இயல்பாகவும் நிற்கலாம். குறிலுக்குப் பின் வரும் ஈற்று நெடில் நிலையற்றது என்ற அதே உண்மையை, ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் தத்தம் வழியில் கண்டுகொண்டிருக்கின்றன. லத்தீன் கவிஞர்களும் ‘இபி, உபி, திபி’ ஆகியவற்றின் ஈற்றை யாப்புக்கு ஏற்றபடி சில இடங்களில் நெடிலாகவும் சில இடங்களில் குறிலாகவும் ஆண்டிருக்கிறார்கள். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நன்னூல் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் ‘ஆலிபை’ என்பார்கள். லத்தீனில் முதல் அசை அழுந்தி, மூன்று உயிரும் குறுகி ‘அலிபி’ என்றே ஒலிக்கும். நீங்கள் தமிழில் எழுதும் வடிவம் ஆங்கில ஒலியைவிட மூலத்துக்கு நெருக்கமானது. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

‘ஒரு வினையடையை எப்படி நிரூபிப்பது?’ என்ற உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. ஒரு சொல் தான் பிறந்த மொழியில் எந்த வகையாக இருந்தாலும், வேறு மொழிக்குப் போகும்போதோ, ஒரு தொழிலுக்குள் நுழையும்போதோ பெயர்ச்சொல்லாக உறைந்துவிடுவதுண்டு. ‘அஃபிடவிட்’ என்பது லத்தீனில் ‘அவன் உறுதி கூறினான்’ என்ற வினைமுற்று. ‘கேவியட்’ என்பது ‘அவன் கவனமாக இருக்கட்டும்’ என்ற வியங்கோள். இரண்டையும் நாம் காகிதமாக்கி, முத்திரை ஒட்டி, தாக்கல் செய்கிறோம். தமிழிலும் இது நடக்கிறது. ‘பேப்பரில் காணவில்லை போட்டிருக்கிறார்கள்’ என்று சொல்லும்போது, ‘காணவில்லை’ என்ற வினை ஓர் அறிவிப்பின் பெயராக நிற்பதை யாரும் உணர்வதுகூட இல்லை. ‘அலிபி’ அடைந்த மாற்றமும் இதே வகையைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் முதலில் ஒருவர் ‘தம்மை அலிபி என்று மெய்ப்பிக்க முயன்றார்’, அதாவது ‘தாம் வேறிடத்தில் இருந்ததாக மெய்ப்பிக்க முயன்றார்’ என வினையடையாகவே அது வழங்கியது. பிறகு அந்த வாதத்துக்கே அது பெயராகிவிட்டது. ‘சாக்கு’ என்ற பொருள் அதற்கும் பின்னால் ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஏற்பட்டது.

ரோமானியருக்கு ‘அலிபி’ அன்றாடப் பேச்சில் வரும் வினையடை மட்டுமே. எதிர்வாதம் ஒன்றின் பெயராக அவர்கள் அதை வழங்கவில்லை. ஆனால் அந்த எதிர்வாதம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கி.மு. 62 டிசம்பரில் ஜூலியஸ் சீசரின் வீட்டில் பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் போனா தேயா வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது, புப்ளியஸ் குளோடியஸ் என்ற இளம் பிரபு பெண் வேடமிட்டு உள்ளே நுழைந்து பிடிபட்டார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில் அவர் சொன்ன மறுப்பு எளிமையானது: அன்று நான் ரோமிலேயே இல்லை, இன்டராம்னா என்ற ஊரில் இருந்தேன். அப்போது சாட்சிக் கூண்டேறிய புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ, அன்றைய தினமே குளோடியஸ் ரோமில் உள்ள சிசரோவின் வீட்டுக்கு வந்திருந்ததாகச் சாட்சியம் சொன்னார். வாதம் அந்த ஒரு வரியில் நொறுங்கியது. ஆனாலும் நடுவர்கள் 31க்கு 25 என்ற கணக்கில் குளோடியஸை விடுவித்தார்கள். அவர்கள் விலைபோனார்கள் என்று சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மனம் கசந்து குறிப்பிடுகிறார். நமக்கு வேண்டியது தீர்ப்பல்ல, வாதத்தின் வடிவம். குளோடியஸ் ‘எங்கோ இருந்தேன்’ என்று சொல்லவில்லை. ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். சிசரோவும் அவர் நடத்தையைப் பற்றிப் பேசவில்லை, ‘எங்கே?’ என்ற கேள்விக்கு வேறொரு விடையைச் சொன்னார். ‘உபி’ என்ற வினாவுக்கு ஒருவர் ‘அலிபி’ என்கிறார். மற்றவர் ‘இபி’ என்கிறார்.

நம் சாட்சியச் சட்டமும் இந்த வடிவத்தையே கொண்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் முதல் எடுத்துக்காட்டு, கல்கத்தாவில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவன் குற்றம் செய்தானா என்பது கேள்வியானால், அன்று அவன் லாகூரில் இருந்தான் என்பது தொடர்புடைய சங்கதி என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 9ஆம் பிரிவில் அந்த இரு ஊர்களும் சென்னை, லடாக் என மாறியிருக்கின்றன. எப்படியாயினும் இரண்டு இடங்கள், ஒரு நாள். பழைய சட்டத்தின் 103ஆம் பிரிவில், குறித்த நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாக நீதிமன்றம் நம்ப வேண்டும் என்று ஒருவன் விரும்பினால் அவனே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற எடுத்துக்காட்டு வருகிறது. இந்தப் பிரிவுகளில் ‘அலிபி’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் இயற்றியவர்கள் லத்தீனை விட்டுவிட்டு, அதன் நேர்ப் பொருளான ‘வேறிடத்தில்’ என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். பினய் குமார் சிங் எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும், அந்த லத்தீன் சொல்லுக்கு ‘வேறிடத்தில்’ என்றே பொருள் என்றும், சம்பவம் நடந்தபோது அதில் பங்கெடுத்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு எனும் அளவு தொலைவில் தான் இருந்ததாக எதிரி கூறும் எதிர்வாதத்தைக் குறிக்க வசதிக்காகவே அது வழங்குகிறது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் தமிழுக்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேண்டியதில்லை.

இனி உங்கள் மொழிபெயர்ப்புக்கு வருவோம். ‘எதிரி தரப்புச் சாட்சி’ என்பது பொருந்தாது. பேருந்துச் சீட்டு, மருத்துவமனைப் பதிவேடு, விடுதியில் போட்ட கையெழுத்து ஆகியவை அலிபிக்கு ஆதரவான சான்றுகள். அவையே அலிபி ஆகிவிடா. உங்கள் சீனியர் சொன்னபடி எழுதினால், ஆங்கிலத் தீர்ப்பில் அலிபிக்குச் சாட்சி சொன்னவரைப் பற்றிய வரி வரும்போது ‘சாட்சிக்குச் சாட்சி’ என்று எழுத நேரும். அப்போது அவருக்கே பிழை புலப்பட்டுவிடும். பணிவோடு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

‘சாக்கு’ என்பது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நம் மொழியில் சாக்கு என்றால் அது பொய் என்ற முடிவு அதற்குள்ளேயே இருக்கிறது. வாதத்தைக் கேட்பதற்கு முன்பே நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது போன்ற தோற்றத்தை அந்த ஒரு சொல் உண்டாக்கும்; தன் வழக்கின் தீர்ப்பைத் தமிழில் படிக்கப்போகும் மனிதருக்கு அது பெரிய அநீதி. உண்மையிலேயே வேறிடத்தில் இருந்தவர் சொல்வதும் அலிபிதான் என்பதை மறக்கக் கூடாது.

‘வெளியூரில் இருந்ததாகக் கூறும் வாதம்’ என்று சிலர் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். கேட்கும்போது இயல்பாக இருந்தாலும் அது பொருளைக் குறுக்குகிறது. அதே ஊர் மருத்துவமனையில் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவருக்கும் அலிபி உண்டு. லத்தீன் சொல் கேட்பது வேறு இடத்தை. வேறு ஊரை அல்ல.

நான் பரிந்துரைப்பது இதுதான். தீர்ப்பில் முதன்முறை வரும்போது விரித்து எழுதுங்கள்: ‘சம்பவம் நடந்த நேரத்தில் தாம் வேறிடத்தில் இருந்ததாக எதிரி முன்வைத்த வாதம்’. அதன்பின் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ‘வேறிட இருப்பு வாதம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வழக்கறிஞர்களுக்குப் பழகிய சொல்லும் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தால், முதல் இடத்தில் மட்டும் ‘அலிபி எனப்படும்’ என்று முன்னால் சேர்த்துவிடுங்கள். ‘அலிபியைத் தாக்கல் செய்தார்’ என்ற தொடர் எங்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்வது மனுவையும் ஆவணத்தையும், வாதத்தை முன்வைக்கிறோம், இருந்ததை மெய்ப்பிக்கிறோம். தீர்ப்பின் முடிவு வரி எதிரிக்குப் பாதகமாக இருந்தால், ‘எதிரி சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘எதிரி வேறிடத்தில் இருக்கவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். முதலாவது நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது நீதிமன்றம் சொல்லாதது.